புதுப்பிப்பு: தம்பியின் வலிப்புக்கு டயசிபாம் ஏன் வேலை செய்யவில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது, வலிப்பை அடக்கும் மருந்தான டயசிபாமை இரண்டு முறை போட்டும் தம்பியின் வலிப்பு நிற்கவில்லை, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறான். விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

நரம்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். நரம்பு செல்லின் மேல் காபா-ஏ என்ற ஏற்பிகள், அதாவது ரசாயனங்கள் வந்து ஒட்டும் புரதங்கள், இருக்கின்றன. மூளையை அமைதிப்படுத்தும் ரசாயனமான காபா வந்து ஒட்டினால் அவை கதவு மாதிரி திறந்து குளோரைடை உள்ளே விடும், செல் அடங்கும். டயசிபாம் செய்வதெல்லாம் அந்தக் கதவை இன்னும் அடிக்கடி திறக்க வைப்பதுதான். ஆனால் வலிப்பு நீள நீள, செல் அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கதவே குறைந்துபோனால் மருந்து என்ன செய்யும்? போதாததற்கு, செல்லைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகள் மேலே கூடுகின்றன.

அப்புறம் கொடுத்த லெவெட்டிராசெட்டம் எஸ்வி2ஏ என்ற வேறொரு புரதத்தைப் பிடிக்கிற மருந்தாம். அதில்தான் நின்றது.

மருந்தின் அளவைவிட நேரம்தான் எங்களைத் தோற்கடித்தது என்று நினைக்கும்போது மனசு வலிக்கிறது. வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அவசரம் என்றார் டாக்டர். ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாம் குழாய் இப்போது வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் போடக் கற்றுக்கொண்டார்கள்.