ஒற்றை வகையா, இரட்டை வகையா? ஒரே அடியில் விழுந்த கியாரடோஸ்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நேற்று கோயம்புத்தூர் பஸ்ஸில் சித்தப்பா பையனோடு போக்கிமான் வீடியோ கேமில் மோதினேன். மாஜிகார்ப்பை 20ஆம் லெவல் வரை இழுத்துப் பிடித்து வளர்த்து ஆசையாக கியாரடோஸ் ஆக்கியிருந்தேன், அவனுடைய பிக்காச்சு தண்டர்போல்ட் என்ற மின்சார அடியை விட்டதும் மொத்த உயிரும் காலி. வேலந்தாவளம் செக்போஸ்ட் கூட வரவில்லை, ஆட்டமே முடிந்துவிட்டது. தண்ணீர், பறத்தல் என்று இரண்டு வகை இருந்தால் பலம் கூடும் என்றுதான் நம்பினேன். இனி அணியில் உள்ள ஆறு போக்கிமானையும் ஒற்றை வகையாகவே எடுக்கலாமா?

மீனாட்சிபுரம் மின்னல்:
தம்பி, எல்லாம் பெருக்கல்தான். மின்சாரம் தண்ணீரை 2 மடங்கு அடிக்கும், பறப்பதையும் 2 மடங்கு அடிக்கும், ஆக 4. அதே பெருக்கல்தான் உன்னைக் காப்பாற்றவும் செய்கிறது: எர்த்குவேக் என்ற நில வகை அடி கியாரடோஸைத் தொடவே தொடாது, புல் வகை அடி சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். வேப்போரியன் மாதிரி வெறும் தண்ணீர் என்றால் மின்சாரம் 2 மடங்கோடு நிற்கும், ஆனால் புல்லும் 2 மடங்கு வாங்க வேண்டும். அப்புறம் சொந்த வகை அடிக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கு, இரட்டை வகைக்கு இரண்டு பக்கமும் உண்டு. அதை விட்டுவிடாதே.

கணவாய்க் காற்று:
மலை முழுக்கச் சுவராக நிற்கிறது, ஆனாலும் காற்றெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே நம்ம ஊருக்குள் வருகிறது? அந்த 4 மடங்கும் அப்படித்தான். வகையை எண்ணாதீர்கள், கணவாய் எங்கே என்று பாருங்கள், அங்கே யாரை நிறுத்துவது என்று பாருங்கள். கியாரடோஸுக்கு மின்சாரமும் பாறையும்தான் ஆபத்து. ஸ்வாம்பர்ட் தண்ணீர்-நிலம், அதை மின்சாரம் ஒன்றும் செய்யாது, பாறை அடி பாதிதான். ஸ்வாம்பர்ட்டுக்குப் புல் மட்டும் 4 மடங்கு, அப்போது கியாரடோஸ் உள்ளே வரட்டும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பல வருடம் ஆடினேன், அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் நெருப்பு-பறத்தல் வகையான சாரிஸார்டைச் சேர்த்தால் கவனம். உள்ளே வருபவரைக் குத்தும் கற்களைக் களத்தில் பரப்பும் ஸ்டெல்த் ராக்கை எதிரி போட்டிருந்தால், பாறை அதற்கு 4 மடங்கு என்பதால் உள்ளே வந்த உடனே பாதி உயிர் போய்விடும்.

புதுநகரம் வாசகன்:
ஒற்றை வகையையும் ஒதுக்க வேண்டாம். ஈலெக்ட்ராஸ் வெறும் மின்சாரம், மிதக்கும் திறனான லெவிடேட் இருப்பதால் நில அடியும் படாது, பலவீனமே கிடையாது. இரட்டையில் இருள்-பேய் வகையான சேபிளைக்கு அப்படி இருந்தது, 2013இல் ஃபேரி வகை வந்ததும் போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி அண்ணா, புரிந்தது. பெட்டியில் ஒரு மட்கிப் சும்மா கிடக்கிறது, 36ஆம் லெவல் வரை வளர்த்தால் ஸ்வாம்பர்ட். இன்றே தொடங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறான்.