ராயபுரத்து வீட்டில் சமையலறைச் சுவரை இடிக்கலாமா?

ராயபுரத்தான்:
தாத்தா கட்டிய வீடு. சமையலறை 8க்கு 7 அடி. இருக்கும் ஒரே ஜன்னலைத் திறந்தால் 3 அடியில் பக்கத்து வீட்டுச் சுவர். மே மாதத்தில் அம்மா தோசை வார்த்துவிட்டு வெளியே வந்தால் மழையில் நனைந்தவர்போல இருக்கிறார். கூடத்துக்கும் அதற்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் கிழக்கு ஜன்னலின் கடற்காற்று உள்ளே போகும். அண்ணன் கூடவே கூடாது என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரி:
நான் அண்ணன் கட்சி. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்தால் திங்கட்கிழமை வரை சோபா உறையில் வாசம் நிற்கும். நெத்திலிக் கருவாடு என்றால் புதன் வரை. விளம்பரப் படங்களில் திறந்த சமையலறை பளபளப்பதற்குக் காரணம், அங்கே யாரும் சமைப்பதில்லை.

பெரம்பூர் மருமகள்:
சிம்னி எதற்கு இருக்கிறது? ஏழு ஆண்டுகள் பொந்துக்குள் நின்று சமைத்தவள் நான். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும், என்ன பேச்சு என்று தெரியாது. போன ஆண்டு சுவரை எடுத்தோம். மீன் வாசம் வருகிறது, மறுக்கவில்லை. சாப்பிடுகிறவர்களும் கொஞ்சம் முகரட்டுமே.

காசிமேட்டுக்காரி:
சிம்னிக் குழாய் வெளியே போக வேண்டுமே, அக்கா. கரி வடிகட்டி வைத்துக் காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வகை, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வெக்கையைப் பிடிக்காது. 3 அடிச் சந்தில் குழாயை விட்டால் உங்கள் புகை பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர்கள் சண்டை உங்கள் வீட்டுக்கு வரும். கூடத்து மின்விசிறியைப் போட்டதும் அடுப்புச் சுடர் படுத்துக்கொள்வது தனிக் கதை.

கொத்தனார் மகன்:
வாசம் கிடக்கட்டும். அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது? கதவு நிலையருகே அளந்து பாருங்கள். பூச்சோடு 5 அங்குலம் என்றால் பெரும்பாலும் தடுப்புச் சுவர். 10 அங்குலம் என்றால் கை வைக்காதீர்கள். தாத்தா காலத்து வீட்டின் கூரை மெட்ராஸ் டெரஸாகவும் இருக்கலாம்: மரச் சட்டங்கள்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். சட்டங்களின் முனை எந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ, அது மெல்லியதாக இருந்தாலும் பாரச்சுவர்தான்.

ராயபுரத்தான்:
அளந்தேன். பத்தேகால் அங்குலம். சட்டங்களும் அதன்மேல்தான். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர் மருமகள்:
சொல்லவே வேண்டாம். இடுப்புயரத்துக்கு மேல் 4 அடி அகலத்தில் ஒரு திறப்பு போதும். அம்மாவின் முகமாவது தெரியும்.

கொத்தனார் மகன்:
அதற்கும் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்கு உத்தரம் வேண்டும், அது போட்டு முடியும்வரை முட்டு வேண்டும். பொறியாளர் பார்த்த பிறகே உளியை எடுங்கள். சிலிண்டர் உள்ளேதானே இருக்கும்? கசியும் வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். வெளிச்சுவரில் தரையோரம் ஒரு துவாரம் விடுங்கள்.

ராயபுரத்தான்:
திறப்பைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். “பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை எங்கே வைப்பாய்?” என்று கேட்டார். சட்டங்களை எண்ணிப் பார்த்த எனக்குப் பரண் கண்ணில் படவில்லை. அதே சுவரில், திறப்பு வர வேண்டிய இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது.

காசிமேட்டுக்காரி:
அந்த அண்டாவைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள்?

ராயபுரத்தான்:
தங்கை கல்யாணத்துக்கு. இப்போது இறக்க வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும். அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.