இறக்குமதியால் வேலை போனவர்களுக்குத் தனி உதவி தேவையா? டி.ஏ.ஏ. திட்டத்தை மீண்டும் கொண்டுவருவது பற்றி

ராலே வாசகன்:
அமெரிக்காவில் வெளிநாட்டுச் சரக்கின் போட்டியால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 1962இல் கென்னடி காலத்தில் வந்தது டி.ஏ.ஏ. எனும் வர்த்தகச் சீரமைப்பு உதவித் திட்டம். தொழில் பயிற்சிக்கான செலவு, பயிற்சிக் காலத்தில் வாராந்திரப் படி, வேறு ஊருக்குக் குடிபெயர உதவி எல்லாம் இதில் இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தின் கெடுவை நீட்டிக்காததால், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு ஒப்புதல் தர தொழிலாளர் துறைக்கு அதிகாரம் இல்லை.

இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறக்குமதியால் துணி விலையும் டிவி விலையும் நாடு முழுக்கக் குறைந்தன. நஷ்டம் மட்டும் சில ஊர்களின் தலையில் விழுந்தது. 2003 ஜூலை 30 அன்று துண்டும் படுக்கை விரிப்பும் தயாரித்த பில்லோடெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டபோது, வட கரோலைனாவில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. கனாபொலிஸ் ஊரே அந்த ஆலையை நம்பி இருந்தது. அவர்களில் பலர் நடுவயதினர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். அவர்களைப் பார்த்து 'போய் வேறு வேலை தேடிக்கொள்' என்று எப்படிச் சொல்வது?

வரவுசெலவு:
அந்த 4,800 பேர் மேல் எனக்கும் அக்கறை உண்டு, நண்பரே. ஆனால் அதே ஆண்டில் புது இயந்திரம் வந்ததால் வேலை போனவர் என்ன பாவம் செய்தார்? கடை மூடி வெளியே வந்த விற்பனையாளர்? மூவருக்கும் வீட்டுக்கடன் ஒன்றுதான், பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஒன்றுதான். காரணம் இறக்குமதி என்றால் பயிற்சியும் நீண்ட கால உதவியும், வேறு எதுவானாலும் சாதாரண வேலையின்மைக் காப்பீடு மட்டும். அது பல மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம், சிலவற்றில் அதைவிடக் குறைவு.

அப்புறம், பலன்தான் எங்கே? தொழிலாளர் துறையே செய்யச் சொன்ன ஆய்வை மேத்தமேட்டிகா நிறுவனம் 2012இல் வெளியிட்டது. டி.ஏ.ஏ.வில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு கழித்தும், வேலையின்மைக் காப்பீடு மட்டும் வாங்கிய மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சம்பாதித்தார்கள்.

தமிழரசி:
அந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க முடியாது. மூடிய ஆலையிலிருந்து, வேறு வேலையே இல்லாத ஊரில், டி.ஏ.ஏ.வுக்கு வந்தவர்கள் தொடக்கத்திலேயே மோசமான நிலையில் இருந்தவர்கள். வயது, படிப்பு எல்லாம் சரிபார்த்து, ஒத்திருப்பவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டாலும் அந்த வேறுபாடு முழுதாக மறையாது.

பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளியலாளர் இதற்கு நல்ல வழி ஒன்று கண்டார். மனுவை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் தாராளமானவர்கள், சிலர் கறாரானவர்கள். எந்த மனு யாரிடம் போகும் என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி. தாராளமானவரிடம் போனதால் மட்டுமே ஒப்புதல் கிடைத்தவர்களை, கறாரானவரிடம் போய் மறுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டார். பயிற்சிக் காலத்தில் சுமார் 10,000 டாலர் வருமானம் போனாலும், பத்து ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். ஆகவே திட்டம் வீண் என்று சொல்வது சரியில்லை.

எளியவன்:
உதவியே தேவைப்படாதபடி இறக்குமதி வரியைக் கூட்டினால் போதாதா? ஆலை மூடாமல் இருந்தால் யாரும் மனுப் போட வேண்டியதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் டி.ஏ.ஏ.வைச் 'சவ அடக்கச் செலவுக்கான காப்பீடு' என்றுதான் சொல்லி வந்தார்கள்.

தமிழரசி:
2018இல் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு வரி போட்டதைப் பாருங்கள். சுமார் 1,800 வேலைகள் உருவாயின. வாங்குபவர்கள் கொடுத்த கூடுதல் விலையைக் கணக்குப் பார்த்த பொருளியலாளர்கள், ஒரு வேலைக்கு ஆண்டுக்கு சுமார் 8,15,000 டாலர் என்றார்கள். துவைக்கும் இயந்திரத்தோடு உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறியது, அதற்கு வரியே போடவில்லை.

எளியவன்:
சரி, அந்த வரி மோசமான வரி. ஆனால் வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லையே. ஆலை போனால் பள்ளிக்கு வரும் சொத்து வரி குறைகிறது, கடைகள் மூடுகின்றன. டி.ஏ.ஏ. ஒரு ஆளுக்கு உதவும், ஊருக்கு உதவாது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
எளியவன் கேட்பது நியாயமான கேள்வி. ஆட்டர், டோர்ன், ஹான்சன் மூவரும் 2013இல் எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது. சீன இறக்குமதியால் அடிபட்ட பகுதிகளுக்குப் போன கூடுதல் அரசுப் பணத்தில் டி.ஏ.ஏ.வின் பங்கு மிகச் சொற்பம். ஊனமுற்றோர் உதவித்தொகை, ஓய்வூதியம், மருத்துவ உதவி ஆகியவைதான் பெரும் பங்கு. அதாவது, வேலைக்குத் திரும்ப வழி இல்லாதவர்கள் நிரந்தரமாக வெளியேறிவிட்டார்கள்.

தமிழரசி சொன்ன ஹைமன் ஆய்விலும் ஆண்டு வாரியான ஆதாயம் தேய்ந்துகொண்டே போய், பத்தாம் ஆண்டை ஒட்டி இல்லாமலே போகிறது. எனக்குப் பிடித்தது 2002இல் சேர்த்த ஊதியக் காப்பீடு. 50 வயதைத் தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தந்து வந்தது, இரண்டு ஆண்டில் 10,000 டாலர் வரை. 55 வயதுக்காரரை வகுப்பில் உட்கார வைப்பதைவிட இது மேல். இதை மட்டும் எடுத்து, காரணம் கேட்காமல் எல்லாருக்கும் கொடுங்கள்.

ராலே வாசகன்:
எல்லாருக்கும் கொடுத்தால் நானும் கைதட்டுவேன். நடக்குமா? 1962, 1974, 2002, 2015 என்று ஒவ்வொரு முறையும் வர்த்தகச் சட்டத்துக்கு வாக்குத் தேவைப்பட்டதால்தான் தொழிலாளிக்கு இது கிடைத்தது. பேரம் பேசக் கையில் இருந்தது அது ஒன்றுதான். பேரம் இல்லாத நேரத்தில், 1981இல், ரீகன் அரசு வெட்டியது. 2022இல் கேட்க ஆளில்லாமல் காலாவதியானது. பொதுவான திட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் இன்று ஆலை மூடுபவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

விதிகளைச் சுலபமாக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. 1962 சட்டப்படி வரிக்குறைப்பே முதன்மைக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. 1974இல் அதைத் தளர்த்தினார்கள்.

வரவுசெலவு:
அந்த 1969 கணக்குதான் என் பயமும். காரணத்தை நிரூபி என்று கேட்கும் எந்தத் திட்டமும் ஒருநாள் இறுக்கப்படும். நீட்டிப்பு மசோதா வந்தால் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஊதியக் காப்பீட்டை 40 வயதுக்கு இறக்காமல், பழையபடி பயிற்சிக்கே பெரும்பணம் ஒதுக்கினால் ஆதரிக்கவும் மாட்டேன்.

தமிழரசி:
40 வயது எனக்குச் சம்மதம். பயிற்சிப் பணத்தைக் குறைப்பது சம்மதமில்லை. கனாபொலிஸில் பள்ளி முடிக்காமல் ஆலைக்குப் போனவருக்கு, முதலில் உள்ளூர்க் கல்லூரியில் ஒரு சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அவரை யார் வேலைக்கு எடுப்பார்கள், எந்தச் சம்பளத்துக்குக் காப்பீடு தருவீர்கள்?