அப்கிரேடு பாதியில் நின்றது: எந்த பேக்கேஜ் தடுத்தது, எப்படி வெளியே வந்தீர்கள்?

கருந்திரை:

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 11-லிருந்து 12-க்கு மாறியபோது நடந்ததை எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்பவருக்கு ஒரு ராத்திரியாவது மிச்சமாகட்டும்.

பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸஸ் பட்டியலில் புல்ஸ்ஐ (11-இன் பெயர்) என்று இருந்ததையெல்லாம் புக்வர்ம் (12-இன் பெயர்) என்று மாற்றிவிட்டு, முதலில் புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காத சிறிய அப்கிரேடை ஓட்டினேன். அது ஒழுங்காக முடிந்தது. அப்புறம், தேவைப்பட்டால் பேக்கேஜ்களைச் சேர்த்தும் நீக்கியும் முழுதாக மாற்றும் ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன். வீடியோ எடிட்டர் ஒன்றுக்கு வேண்டிய நூலகத்தை (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) நிறுவ முடியாது என்றது. கடைசி வரியில், உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் ஹோல்டில் (பதிப்பு மாறாதபடி பூட்டி) வைத்திருக்கிறீர்கள் என்றது.

நான் எதையும் ஹோல்டில் வைக்கவில்லை. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடியில் ஹோல்டில் உள்ளவற்றைக் காட்டும் ஏபிடி-மார்க் ஷோஹோல்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. அந்த வரியை நம்பி ஒரு மணி நேரம் தேடினேன். கேட்டவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்த வழி கிடைக்காவிட்டாலும் ஏபிடி அதே வரியைத்தான் சொல்லும் என்று எனக்கு அப்போது தெரியாது. உண்மையான தகவல் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருந்தது: எது எதைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று. அந்தச் சங்கிலியில் வரும் ஒவ்வொரு பெயருக்கும், எந்தப் பதிப்பு இருக்கிறது, எது கிடைக்கிறது என்று காட்டும் ஏபிடி-கேஷ் பாலிசி கட்டளையைக் கொடுத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

நான்காவது பெயரில் பிடிபட்டது. எப்போதோ டெபியனுக்கு வெளியே உள்ள ஒரு ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து) வீடியோ கோடெக்குகள் போட்டிருந்தேன். ரெப்போவை நீக்கிய பிறகும் அந்த பேக்கேஜ்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன. அவற்றின் பதிப்பு எண்ணுக்கு முன்னால் 10 என்று ஓர் எண், அடுத்து முக்காற்புள்ளி. இதற்கு எபாக் என்று பெயர். ஏபிடிக்கு அடியில் இருந்து பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது எபாக்கைத்தான். அது பெரிதாக இருந்தால் மற்ற எண்களைப் பார்ப்பதே இல்லை. வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற டெபியன் பேக்கேஜுக்கு எபாக் 7. ஆகவே புக்வர்மில் வந்த 5.1 எவ்வளவு புதியதாக இருந்தாலும், என்னிடம் கிடந்த பழைய 4-ஆம் வரிசைப் பதிப்பைத்தான் ஏபிடி புதியது என்று எடுத்துக்கொண்டது. அது தன் பழைய நூலகங்களை விடவில்லை. புது வீடியோ எடிட்டருக்கு இடமும் கிடைக்கவில்லை.

தீர்வு ஒரே கட்டளை. ஏபிடி இன்ஸ்டால் கொடுத்து, பேக்கேஜ் பெயருக்குப் பின் சாய்கோடிட்டு புக்வர்ம் என்று எழுதினால், அந்த வெளியீட்டில் உள்ள பதிப்பையே எடுக்கும். பதிப்பைக் குறைக்கிறோமே, சரியா என்று ஒருமுறை கேட்கும். மாட்டிக்கொண்டிருந்த ஆறு பேக்கேஜ்களையும் சேர்த்து ஒரே வரியில் கொடுத்தேன். தனித்தனியாகக் கொடுத்தபோது ஒன்று இன்னொன்றைத் தடுத்தது. அதன் பிறகு ஃபுல்-அப்கிரேட் தடையில்லாமல் ஓடியது.

வலுக்கட்டாயமாக நிறுவ டிபிகேஜியில் ஃபோர்ஸ் விருப்பங்கள் உண்டு. முதல் அரை மணி நேரத்திலேயே அதைத் தொட்டிருந்தால், எது எங்கே உடைந்தது என்று பிறகு கண்டுபிடித்திருக்கவே முடியாது. அதைத் தொடாததில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி.

இரவுப்பணி:

எனக்கு ஏபிடி ஒரு குறையும் சொல்லவில்லை. அப்கிரேடு முடிந்து ரீபூட்டும் ஆனது. மறுநாள் காலையில் என் பைத்தான் ஸ்கிரிப்ட்கள் ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாவற்றிலும் மாட்யூல் இல்லை என்ற பிழை.

டெபியன் 11-இல் பைத்தான் 3.9, 12-இல் 3.11. நான் ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து, பைத்தான் மாட்யூல்களை நிறுவும் பிப் என்ற கருவி மூலம் போட்டவை எல்லாம் 3.9 என்ற பெயருள்ள ஃபோல்டரில் இருந்தன. புதுப் பைத்தான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. மாட்யூல்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்களும் அதே கதிதான். திரும்பப் போடலாம் என்று பிப்பை ஓட்டினால், இந்தப் பைத்தானை நிர்வகிப்பது சிஸ்டம், இங்கே போடாதே என்று மறுத்தது. இந்தத் தடை டெபியன் 12-இல் வந்தது. மீறுவதற்கும் ஒரு விருப்பம் இருக்கிறது; நான் மீறவில்லை. பிப்பும் ஏபிடியும் ஒரே இடத்தில் கை வைத்ததால்தானே இந்த நிலைமை?

எந்தெந்தப் பதிப்புகள் போட்டிருந்தேன் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. ஆனால் பழைய ஃபோல்டர் அழியாமல் இருந்தது. அதற்குள் டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் துணை ஃபோல்டர்களின் பெயரிலேயே பேக்கேஜின் பெயரும் பதிப்பும் இருக்கும். அவற்றை வரிசையாக எடுத்து ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் தனி என்விரான்மென்ட் உருவாக்கி மறுபடி நிறுவினேன். இரண்டு மட்டும் 3.11-க்கு ஒத்துவரவில்லை, அவற்றுக்குப் புதிய பதிப்பு எடுக்க வேண்டியிருந்தது. பழைய ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

வெண்சுட்டி:

நான் 12-லிருந்து 13-க்குப் போனேன். மோதல் எதுவும் இல்லாமலேயே பயந்து நிறுத்திவிட்டேன். நீக்கப்படும் பட்டியலில் இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் லிப்எஸ்எஸ்எல்3 நூலகம் இருந்தது, அதோடு இன்னும் பல நூலகங்கள். எல்லாம் போய்விடும் என்று நினைத்து வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்.

நிறுவப்படும் பட்டியலைப் பொறுமையாகப் படித்த பிறகுதான் புரிந்தது. அதே பெயர்கள் கடைசியில் டி64 என்ற ஒட்டுடன் அங்கே இருந்தன. 2038-இல் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும். அதற்காக நூலகங்களை மாற்றியபோது பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். 64-பிட் கணினியிலும் புதுப் பெயர்தான். ஜோடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஜோடி இல்லாமல் நீங்கவிருந்தது ஒன்றே ஒன்று: எங்கிருந்தோ இறக்கிப் போட்ட பிரின்டர் டிரைவர். அதை நானே முதலில் நீக்கிவிட்டு ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன்.

கருந்திரைக்கு ஒரு கேள்வி: வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்களை அப்கிரேடுக்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

கருந்திரை:

முடியும். ஏபிடி-ஃபோர்க்டிரேசர் என்று ஒரு சிறிய கருவி டெபியனிலேயே இருக்கிறது. நிறுவி, எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டினால் போதும். டெபியனிலிருந்து வராத பேக்கேஜ்களை அது காட்டிவிடும். என் கணினியில் இப்போது ஓட்டிப் பார்த்தேன். மூன்று வந்தன. இரண்டு எனக்குத் தெரிந்தவை. மூன்றாவதை எப்போது போட்டேன் என்று ஏபிடியின் ஹிஸ்டரி பதிவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.