புதுப்பிப்பு: அம்மாவின் மறதி
அப்பா போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார், அடுப்பை அணைக்க மறக்கிறார், மறதிநோயா என்று போன முறை கேட்டிருந்தேன். முதியோர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பினாங்கிலேயே பார்த்தோம்.

முதலில் தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனை. இரண்டும் சரி. அப்புறம் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள். முதியோரின் மனச்சோர்வை அளக்கவென்றே 1980களில் அமெரிக்காவில் உருவான அளவுகோல். தூக்கம், உடம்புவலி பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை. வயதானால் அவை எப்படியும் இருக்கும், கணக்கைக் குழப்பிவிடுமாம். "வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதே பிடிக்கிறதா?" என்றதற்கு அம்மா, "முட்டி விட்டாத்தானே போறதுக்கு!" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

மனச்சோர்வுதான். மறதியும் அதனால் வந்திருக்கலாம், மனம் தேறியதும் நினைவாற்றலை மறுபடி சோதிப்போம் என்கிறார். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம், வயதானவர்களுக்குச் சில சமயம் கூடுதலாகவே ஆகும். அந்த மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) குறையலாம் என்பதால் இரண்டு வாரத்தில் இரத்தம் எடுக்க வேண்டும். பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை) சாப்பிட்டாலும் சோடியம் குறையலாம், அதனால் அதைச் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவும் சாப்பிடுகிறார்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இன்னும் வர மறுக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோடு பசாருக்கு மட்டும் போகிறார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் முடிந்ததும் எழுதுகிறேன்.