மறு: பேக் பிரஷர் – பின்னழுத்தமா, எதிரழுத்தமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> பின்னழுத்தம் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. பேக் பிரஷர் என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்கு வழியில் தடை வருவதால் சேரும் அழுத்தம். நாம் தமிழாக்கும் பழைய கார்களின் பழுதுநீக்கக் கையேட்டுக்குத்தான் இதற்கொரு சொல்லைத் தேடுகிறோம். அதைப் படிப்பவர் கையில் கிரீஸோடு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். "பின்னழுத்தம் அதிகம்" என்று படித்தால், வண்டியின் பின்பக்கம் குழாயின் வால்முனையில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார். அங்கே அளந்தால் எதுவும் கிடைக்காது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். அளக்க வேண்டிய இடம் எஞ்சினை ஒட்டி, புகையின் நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால். "பின்னழுத்தத்தை முன்னால் அளக்கவும்" என்று எழுதும் நிலைமை நமக்கு வேண்டாம்.

நடப்பது இதுதான். எரிந்த வாயுவைப் பிஸ்டன் மேலேறி வெளியே தள்ளுகிறது. போகிற வழியில் கன்வர்ட்டருக்குள் தேனடை போலத் துளைகள் நிறைந்த பீங்கான் உருகி அடைத்திருக்கலாம், இரட்டைச் சுவர்க் குழாயின் உட்சுவர் மடங்கியிருக்கலாம், சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளருக்குள் ஒரு தகடு பெயர்ந்து வழியில் நிற்கலாம். எதுவானாலும் வாயு முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிவிடும். அந்த அளவுக்குப் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இடமில்லை. ஐடிலில், அதாவது மிதியை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, வாயு குறைவாக ஓடுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வேகம் கூட்டும்போதுதான் வண்டி திணறும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அடைப்பு முற்றினால் ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் நின்றுவிடும்.

> அப்படியானால் எதிரழுத்தம்? வெளியேறும் வாயுவை எதிர்க்கும் அழுத்தம்தானே?

பொருள் சரி, இடம்தான் சிக்கல். இதே பழுதைக் கண்டுபிடிக்கக் கையேடு சொல்லும் முதல் சோதனை, காற்று உள்ளே போகும் பக்கத்தில் வெற்றிட மானியை இணைப்பது. நல்ல எஞ்சின் ஐடிலில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து வைத்தால் முள் ஒருமுறை ஆடி, பிறகு நிலைத்து நிற்கும். வெளிவழி அடைத்திருந்தால் நிற்காது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். வெற்றிடத்தை "எதிர்மறை அழுத்தம்" என்று சொல்பவர்கள் உண்டு, நம் கையேட்டின் வரைவிலேயே அது வருகிறது. எதிர்மறை அழுத்தம் குறைகிறது, எதிரழுத்தம் கூடுகிறது என்று அடுத்தடுத்த வரியில் எழுதிப் பாருங்கள். மானியை எந்தப் பக்கம் செருகுவது என்றே குழம்பிப்போகும்.

என் பரிந்துரை: மறிப்பழுத்தம். வழிமறித்தான் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வழி மறிக்கப்படுவதால் சேரும் அழுத்தம், அவ்வளவுதான். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்:

"கன்வர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் உணரியை எஞ்சின் ஆறியபின் கழற்றி, அந்தப் புரியில் அழுத்தமானியைப் பொருத்தவும். மறிப்பழுத்தம் ஐடிலில் 1.5 பி.எஸ்.ஐ.க்குள்ளும் (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), 2,500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருந்தால் வழி பெரும்பாலும் சீராக உள்ளது. அந்தந்தக் காருக்கு நிறுவனம் தந்த அளவு இருந்தால் அதையே கொள்ளவும்."

எனக்கு உறுத்தாமல் ஓடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் சார், இல்லாவிட்டால் இழுக்காது" என்று ஒரு பழைய நம்பிக்கை உலவுகிறது. உண்மையில் உதவுவது குழாயில் வாயு ஓடும் வேகம். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் அந்த வேகம் விழுந்துவிடும். அதைப் பார்த்தவர்கள் அழுத்தம்தான் நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறிப்பழுத்தம் என்று பெயர் வைத்தபின் "கொஞ்சம் மறிப்பு வேண்டும்" என்று சொல்ல நாக்கு கூசும். (இந்த அழுத்தத்தையே பயன்படுத்தி, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் வால்வுகள் சில பழைய கார்களில் உண்டு. அது தனிக் கதை.)

கன்வர்ட்டருக்கும் ஒரு வார்த்தை. கேட்டலிஸ்டுக்குப் பாடநூல்களில் வினையூக்கியும் உண்டு, வினைவேக மாற்றியும் உண்டு. இரண்டாவதை எடுத்தால் கன்வர்ட்டர் "வினைவேக மாற்றி மாற்றி" ஆகிவிடும்! ஆகவே வினையூக்கி மாற்றி. இதற்குமேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டிய இடம் "திறன்". வரைவில் பவர் லாஸுக்குத் திறன் குறைவு என்று போட்டிருக்கிறோம். இயற்பியல்படி அதில் குற்றமில்லை. ஆனால் மூன்று பக்கம் தள்ளி, காரின் கணினி காட்டும் பி0420 என்ற பிழைக்குறிக்கு "வினையூக்கி மாற்றியின் திறன் குறைவு" என்று விளக்கம் இருக்கிறது. முதலாவது வண்டியின் இழுவை பற்றியது. இரண்டாவது மாற்றி நச்சு வாயுக்களை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துகிறது என்பது பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. தேனடை திறந்தே இருக்கும், மேலே பூசிய பிளாட்டினமும் பலேடியமும் மட்டும் செயலிழந்திருக்கும். பி0420 வரும், வண்டி நன்றாகவே இழுக்கும். அடைத்துப்போன மாற்றி ஒரு பிழைக்குறியும் காட்டாமல் இருப்பதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நல்ல பாகத்தைக் கழற்றி வீசுவார்கள், கெட்டது வண்டியிலேயே இருக்கும். பவர் லாஸுக்கு இழுவைக் குறைவு, மாற்றிக்குச் செயல்திறன் குறைவு என்று பிரித்துவிடலாம். ஓட்டுபவர்கள் "வண்டி இழுக்கலை" என்றுதானே சொல்கிறார்கள்?

அன்புடன்.

---

வணக்கம்.

மறிப்பழுத்தம் கொஞ்சம் புலமைச் சொல்லாகத் தெரிகிறது. பட்டறையில் எல்லோரும் சொல்வது "அடைப்பு". அடைப்பழுத்தம் என்றே வைத்தால் என்ன? இழுவைக் குறைவுக்கு என் ஓட்டு. ஆனால் அந்த அத்தியாயம் நேராக வெளியேற்றக் குழாய்க்குப் போவது சரியில்லை. இழுவை குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை காற்று வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்பது. அப்புறம்தான் குழாய்.

---

அம்மா, வரிசை பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே சேர்த்துவிடலாம். அதில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். காயில் கெட்டு ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் எரியும். வெப்பம் ஏறித் தேனடையே உருகும். காரணத்தை விட்டுவிட்டுப் புது மாற்றியைப் போட்டால் அதுவும் உருகும். ஆக, மாற்றி அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தபின் "ஏன் அடைத்தது" என்று கேட்கும் படி ஒன்று கட்டாயம். எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, கூலன்ட் கசிந்து உள்ளே போகிறதா என்பதும் அந்தப் படியில்தான் வரும். புகை நீலமா வெள்ளையா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

அடைப்பழுத்தத்தில் எனக்கு ஒரே தயக்கம். அடைப்பு என்றால் பழுது. ஆனால் இந்த அழுத்தம் புது வண்டியிலும் கொஞ்சம் இருக்கும். குழாயின் வளைவு, மஃப்ளரின் உள்தகடுகள் எல்லாமே வாயுவைச் சற்று மறிக்கும். "அடைப்பழுத்தம் இயல்பாக உள்ளது" என்று எழுதினால் அடைப்பே இயல்பு என்று ஆகிவிடாதா? மறிப்பு கூடலாம், குறையலாம்; அடைப்பு முற்றிய நிலை. இரண்டு சொல்லும் நமக்குத் தேவை: காரணம் அடைப்பு, மானி காட்டுவது மறிப்பழுத்தம்.

மிச்சம் இருப்பது சைலன்சர். எஞ்சினிலிருந்து வால்முனை வரை எல்லாவற்றையும் மக்கள் சைலன்சர் என்றே சொல்கிறார்கள். "சைலன்சர் அடைச்சிருக்கு" என்று வருபவரிடம் எந்தப் பாகம் என்று கேட்க முடியாது. அந்தச் சொல்லை வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறிகளுக்கான பத்தியில் மட்டும் வைத்துக்கொண்டு, பாகங்களின் பெயரில் மஃப்ளரை ஒலியடக்கி ஆக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் வரைவில் மாற்றிவிடுகிறேன்.