சேடர் தட்டில் ஓர் ஆரஞ்சு: கட்டுரைக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. யூதப் பெண்கள் தங்கள் பண்டிகைகளை எப்படி மாற்றி அமைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். இரண்டு இடத்தில் தடுமாறி நிற்கிறேன்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தங்கள் முன்னோர் மீண்டதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகையின் இரவு விருந்துதான் சேடர். அன்று கசப்புக் கீரை முதலானவற்றைத் தட்டில் வைப்பார்கள். அதில் ஆரஞ்சுப் பழத்தையும் சேர்க்கும் வழக்கத்தை 1980-களில் தொடங்கியவர் சூசன்னா ஹெஷல் என்ற அறிஞர். ஒருபால் ஈர்ப்புள்ளவர்களையும் ஒதுக்கப்பட்ட மற்றவர்களையும் நினைத்து ஆளுக்கொரு சுளை. கொட்டையைத் துப்பிவிட வேண்டும். வெறுப்பைத் துப்புவதாக அர்த்தம். பிறகு இது பெண்கள் வழிபாட்டு மேடை ஏறுவது பற்றிய கதையாகத் திரிந்து பரவியது. அவரே மறுத்தும் நிற்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்காக வைத்த பழத்தின் கதையிலிருந்தே அவர்களை ஒதுக்கிவிட்டது மனதை உறுத்துகிறது.

1976-ல் நியூயார்க்கில் பெண்களே கூடி ஒரு சேடர் நடத்தினார்கள். மோசேயின் அக்காள் மிரியாமுக்காகக் கோப்பையில் தண்ணீர் வைப்பதும் இப்போது பல வீடுகளில் உண்டு.

சரி, என் கேள்விகள். இந்தப் பண்டிகையை, தமிழ் பைபிளில் வருகிற ‘பஸ்கா’ என்றே எழுதலாமா? கிறிஸ்தவப் பண்டிகை என்று தோன்றிவிடுமோ? எபிரேயப் பெயரான ‘பெசாக்’ என்றால் புரியுமா? அப்புறம், நண்பர்கள் வீட்டு சேடருக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: சமைத்த பெண்கள் முதலிலிருந்தே மேசையில் உட்கார்ந்திருந்தார்களா? எகிப்திலிருந்து மீண்ட கதையை யார் வாசித்தார்கள்? பார்த்ததைப் பார்த்தபடி நாலு வரி எழுதினாலும் போதும்.